மைக்ரோவேவ்ல சூடாவது பாலிமரா, அடியில இருக்குற பூச்சா?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல ஒளி விடுற பிளாஸ்டிக் பத்தி வந்த கட்டுரை நல்லா இருந்துச்சு. அந்தப் பிளாஸ்டிக்கோட, அதாவது பாலிமரோட, மெல்லிசான படலத்தை மைக்ரோவேவ்ல வச்சு சூடாக்கி சீக்கிரமா பதப்படுத்தலாம்னு எழுதியிருந்தீங்க, சரிதான். ஆனா அலை நேரா பாலிமருக்குள்ள போய் அதைச் சூடாக்குதுன்னு ஒரு வரி இருக்கே, அங்கதான் இடிக்குது.

அந்தப் படலம் சுமார் 100 நானோமீட்டர் தடிமன்தான், 2.45 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவோட அலைநீளம் 12 செ.மீ. கிட்ட. தண்ணி மாதிரி சுலபமா ஆடித் திரும்புற மூலக்கூறும் அதுல கிடையாது, அப்போ அவ்ளோ மெல்லிசா இருக்குறது தானா எவ்ளோ சக்தியை உறிஞ்சிடும்? பெரும்பாலும் சூடாவறது அடியில கண்ணாடி மேல இருக்குற இண்டியம் டின் ஆக்சைடு பூச்சு, அது மின்சாரம் கடத்துறதால அலை பட்டதும் கரண்ட் ஓடி சூடாகுது, கல் காஞ்சா மேல தோசை வேகுற மாதிரி பாலிமர் அந்தச் சூட்டுல வேகுது.

இதுக்காக மைக்ரோவேவே வேஸ்ட்னு சொல்ல வரல. 1990ல கேம்பிரிட்ஜ்ல பரோஸ், ஃப்ரெண்ட், ஹோம்ஸ்ங்கிற ஆராய்ச்சியாளர்கள் எல்லாரும் பிபிவி-ங்கிற ஒளி விடுற பாலிமர்ல எல்இடி செஞ்சப்ப, முதல்ல கரையுற முன்னோடி பாலிமரைப் (சுட்டா பிபிவி-யா மாறுறது) பூசி வெற்றிடத்துல 250 டிகிரி வாக்குல மணிக்கணக்கா சுட வேண்டியிருந்துச்சு. கண்ணாடி அதைத் தாங்கும், பெட் (தண்ணி பாட்டில் செய்யுற பிளாஸ்டிக்) ஷீட் தாங்குமா? ஷீட் மேல இருக்குற அந்த மின்கடத்தும் பூச்சு மட்டும் கொஞ்ச நேரம் சூடானா போதும்னா வளையுற ஸ்கிரீன் செய்யுறவங்களுக்கு அது பெரிய விஷயம்.

தொல்லை என்னன்னா சூடு எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி ஏறாது. வீட்டு அவன்ல தட்டு சுத்துறதே அதுக்குத்தானே. பாலிஃப்ளோரீன் மாதிரி நீல ஒளி பாலிமரைக் காத்துபடச் சூடாக்கினா ஆக்சிஜன் சேந்து பச்சையா ஒளி விட ஆரம்பிச்சிடும், ஒரு மூலை நீலம் இன்னொரு மூலை பச்சைன்னா அந்த ஸ்கிரீனை யார் வாங்குவா?

அதனால எத்தனை நிமிஷத்துல முடிஞ்சுதுன்னு மட்டும் எழுதினா பத்தாது, படலத்துல எத்தனை டிகிரி இருந்துச்சுன்னும் வேணும். அதை அளக்குறதும் லேசில்ல, சூட்டை அளக்குற சாதா தெர்மோகப்பிள் கம்பி உலோகம், உள்ள வச்சா அதுவே சூடாகி தப்பா காட்டும், உலோகமில்லாத ஃபைபர் ஆப்டிக் சென்சர் (கண்ணாடி இழை வழியா ஒளியை வச்சு அளக்குறது) மாதிரி ஏதாவது வேணும். அடுத்த தடவை ஆராய்ச்சி பண்றவங்ககிட்ட எதை வச்சு அளந்தாங்கன்னு கேட்டுப் போடுங்க சார்.

இப்படிக்கு,
இயற்பியல் படிச்ச ஒரு வாசகர்