மறதி சகஜம் என்று சொல்லிவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழ் மருத்துவர் பதில்கள் பகுதியில், அம்மா அடுப்பை அணைக்க மறக்கிறார், பழகிய கோயிலுக்கே வழி தெரியாமல் நிற்கிறார் என்று ஒரு பெண் கேட்டிருந்தார். 'வயதானால் மறதி சகஜம், பயப்பட வேண்டாம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் மறப்பதும் இதுவும் ஒன்றல்ல என்பது உங்களுக்குத் தெரியாததா?

எங்களுக்கும் இதையேதான் சொன்னார்கள். என் மாமியார் பள்ளிக்கூடம் போகாதவர். சொசைட்டிக்குப் பால் ஊற்றிய கணக்கைப் பைசா பிசகாமல் மனசிலேயே வைத்திருந்தவர். அவர் மளிகைக் கடையில் சில்லறை எண்ணத் தெரியாமல் சுருக்குப்பையை அப்படியே கடைக்காரரிடம் நீட்டியபோது எனக்குப் பகீரென்றது. டாக்டரிடம் காட்டினால் சத்து மாத்திரை. ராத்திரி தூங்கவில்லை என்றதும் தூக்க மாத்திரை. அப்புறம் தடுமாறி விழுந்தார். இன்னோர் ஆஸ்பத்திரியில் மறதியைச் சோதிக்க மலையாளத்தில் கேள்வி கேட்டு, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லி, ஒரு வாக்கியம் எழுதச் சொல்லி மார்க் போட்டார்கள். கைநாட்டு வைப்பவர் என்ன எழுதுவார்? கேரள எல்லையில் எங்கள் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் இத்தனை தமிழர் இருந்தும் எந்த அலுவலகம் போனாலும் இந்தப் பாடுதான். அதைப் பற்றி முன்பே எழுதினேன், நீங்கள் போடவில்லை.

கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் தமிழில் பேசினார். என்னைத் தனியாக உட்காரவைத்து, எப்போது தொடங்கியது, திடீரென்றா, மெல்ல மெல்லவா, எந்தெந்த வேலையை விட்டுவிட்டார் என்று விசாரித்தார். மாத்திரைகளையெல்லாம் மேசையில் கொட்டிப் பார்த்து, தூக்க மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். தைராய்டு, வைட்டமின் பி12, தலை ஸ்கேன் பார்த்தார். இவற்றில் கோளாறு இருந்தால் சிலருக்கு மருந்திலேயே மறதி குறையும், மனச்சோர்வாலும் இப்படி வரும் என்றார். மாமியாருக்கு இருப்பது அல்சைமர், அதாவது மூளை மெல்ல மெல்லச் சிதைந்து மறதி கூடிக்கொண்டே போகும் நோய். அதற்கான டோனெபெசில் மாத்திரையை எழுதுமுன் நாடித்துடிப்பைப் பார்த்தார். இது குணமாக்காது, கொஞ்ச காலம் கைகொடுக்கலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். ஒரே நாளில் குழப்பம் கூடினால் மூத்திரத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். சாயங்காலமானால் துணிமூட்டையோடு 'எங்க வீட்டுக்குப் போறேன்' என்று கிளம்புகிறாரே என்றேன். மறுத்துப் பேசாமல் கூடவே தெருமுனைவரை நடந்துவிட்டு வாருங்கள் என்றார். அதைத்தான் இன்றும் செய்கிறோம்.

நாட்டில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அல்சைமரும் சேர்ந்த மறதிநோய் (டிமென்ஷியா) இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. இதற்கான சங்கம் இதே கேரளத்தில் 1992இலேயே தொடங்கியது. இதையெல்லாம் விட்டுவிட்டுச் சகஜம் என்று எழுத எப்படி மனம் வந்தது?

அந்தப் பெண்ணுக்கு அடுத்த இதழில் அதே இடத்தில் சரியான பதில் போடுங்கள். என்னென்ன பரிசோதனை கேட்கவேண்டும் என்று நாலு வரி சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்