டீ விலை ஏறவில்லை, மல்லிகா

மதுரை

அன்புள்ள மல்லிகா,

இத்தனை நாள் பதில் போடாததற்கு என் வலது கண்தான் காரணம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எழுதப் படிக்க டாக்டர் இப்போதுதான் விட்டார். இங்கே எல்லோரும் சௌக்கியம். பங்கஜத்தின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, வாயும் அப்படியேதான்.

மகளின் பிரசவத்துக்கு நீ பாஸ்டன் போவதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் அடுத்த வரியிலேயே, “டீ விலையை ஏற்றியதற்காகக் கடலில் கொட்டினார்களே, அந்த ஊர்தானே?” என்று கேட்டிருக்கிறாய். ஆயுசு பூராவும் வரலாறு நடத்தியவளிடம் கேட்கிற கேள்வியாடி இது?

விலை ஏறவில்லை, குறைந்தது! அமெரிக்கா பிரிட்டனின் காலனிகளாக இருந்த காலம் அது. கிழக்கிந்தியக் கம்பெனி அப்போது கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. லண்டன் கிடங்குகளில் சீனத் தேயிலை விற்காமல் மலையாகக் கிடந்தது. கம்பெனியைக் காப்பாற்ற 1773-ல் ஒரு சட்டம் போட்டார்கள். கம்பெனி தன் சொந்த ஏஜென்டுகள் மூலம் நேராக அமெரிக்காவில் விற்கலாம், இங்கிலாந்தில் கட்டவேண்டிய தீர்வையும் இல்லை. கள்ளக்கடத்தலில் வந்த டச்சுத் தேயிலையோடு போட்டி போடுகிற விலைக்கு அது வந்துவிட்டது. ஆனால் ஒரு பவுண்டு எடைத் தேயிலைக்கு 3 பென்ஸ் வரியை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார்கள். சல்லிசாகக் கிடைக்கிறதே என்று வாங்கிக் குடித்தால், வரி போடும் அதிகாரம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். பாஸ்டனில் அந்த ஏஜென்டுகள் யார் தெரியுமா? கவர்னர் ஹட்சின்சனின் இரண்டு பிள்ளைகளும் அதில் உண்டு. ஊர் வியாபாரிகளுக்கு வயிறு எரியாதா? டிசம்பர் 16 ராத்திரி ஊர்க்காரர்கள் மூன்று கப்பல்களில் ஏறி 342 பெட்டிகளை உடைத்துக் கொட்டினார்கள்.

நம் ஹாஸ்டலில் மெஸ் கட்டணத்தைக் குறைத்துவிட்டு மெஸ் கமிட்டியைக் கலைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? முதலில் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவள் நீதானே! உனக்கு இது புரியாமல் போகுமா?

அந்தக் கமிட்டி மாதிரி, அங்கே ஒவ்வொரு காலனியிலும் ஒரு சட்டசபை இருந்தது. வர்ஜீனியாவில் 1619-லிருந்தே உண்டு. வரி போடுவது அந்தச் சபைதான். பல காலனிகளில் கவர்னருக்குச் சம்பளம் கொடுப்பதும் அதுதான், அதனால் கவர்னரின் மூக்கணாங்கயிறு ஜனங்கள் கையில் இருந்தது. பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த சண்டை 1763-ல் முடிந்தபோது பிரிட்டனின் கடன் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. உங்களைக் காக்கத்தானே செலவழித்தோம், நீங்களும் கொடுங்கள் என்றார்கள். அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இங்கிலாந்தில் இருந்தவன் காலனிக்காரர்களைவிட எத்தனையோ மடங்கு வரி கட்டினான். ஆனால் 1765-ல் பத்திரம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு வரை முத்திரை வரி போட்ட நாடாளுமன்றத்தில் இவர்களுடைய ஆள் ஒருவர்கூட இல்லை. எதிர்ப்புக்குப் பயந்து மறு வருஷமே அந்த வரியை எடுத்தார்கள். எடுத்த கையோடு, எந்த விஷயத்திலும் உங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட எங்களுக்கு உரிமை உண்டு என்று இன்னொரு சட்டமும் போட்டார்கள். என்ன பிடிவாதம் பார்! 1767-ல் கண்ணாடி, காகிதம், பெயின்ட், தேயிலைக்கு வரி வந்தது. அந்தப் பணத்தில் கவர்னருக்கும் நீதிபதிகளுக்கும் நேரே சம்பளம் என்றார்கள். சபையின் பிடி அங்கேதான் நழுவ ஆரம்பித்தது.

என்னைத் தூங்கவிடாத விஷயம் இனிமேல்தான் வருகிறது. 1770-ல் வங்காளத்தில் பஞ்சம் வந்து ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள் அல்லவா, அந்தச் செய்தி அமெரிக்கா வரைக்கும் போயிருந்தது. 1773-ல் பென்சில்வேனியா வக்கீல் ஜான் டிக்கின்சன் கம்பெனித் தேயிலைக்கு எதிராக எழுதியபோது அதைத்தான் எடுத்துச் சொன்னார். ஒரே வருஷத்தில் 15 லட்சம் பேர் மாண்டதாகச் சொல்கிறார்கள், பூமி விளையாததால் அல்ல, கம்பெனியும் அதன் ஆட்களும் உணவுப் பொருள்களை முடக்கி ஏழைகளுக்கு எட்டாத விலை வைத்ததால் என்று. அங்கே சூறையாடியவர்கள் அடுத்து நம்மிடம் வருகிறார்கள் என்ற பயம் அவருக்கு. நம் நாட்டுப் பிணங்களை அத்தனை தூரத்திலிருந்து ஒருவர் பார்த்துப் பதறியிருக்கிறார். வகுப்பில் இதை ஒரு வரிகூட நாங்கள் நடத்தியதில்லை, பாடப்புத்தகத்தில் இருந்தால்தானே!

ஆனால் அந்தக் காலனிக்காரர்களை உத்தமர்கள் என்று என்னால் எழுத முடியாது. அப்பலாச்சிய மலைக்கு மேற்கே குடியேறக்கூடாது என்று 1763-ல் மன்னர் தடுத்ததும் ஒரு கோபம். அந்த மண் பூர்வகுடிகளுடையது. அடிமைகளை வைத்துக்கொண்டேதான் சுதந்திரம் பேசினார்கள். 1775-ல் வர்ஜீனிய கவர்னர் டன்மோர், கலகக்காரர்களின் அடிமைகள் எங்கள் பக்கம் வந்து சண்டை போட்டால் விடுதலை என்று அறிவித்ததும், தயங்கிக்கொண்டிருந்த பண்ணைக்காரர்களில் பலர் மன்னருக்கு எதிராகத் திரும்பினார்கள். 1770-ல் பாஸ்டன் தெருவில் சிப்பாய்கள் சுட்டு ஐந்து பேர் இறந்தார்கள். அதில் கிறிஸ்பஸ் அட்டக்ஸ் ஆப்பிரிக்க, பூர்வகுடி ரத்தம் கலந்தவர். அந்த ஐந்து பேரின் கல்லறை ஊர் நடுவிலேயே கிரேனரி இடுகாட்டில் இருக்கிறது. மாப்பிள்ளையிடம் சொல்லி ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வா.

தேயிலையைக் கொட்டியதற்கு 1774-ல் துறைமுகத்தையே மூடினார்கள், பாஸ்டன் இருக்கிற மாசசூசெட்ஸ் காலனியின் சபை அதிகாரங்களைப் பிடுங்கினார்கள். இன்று பாஸ்டனுக்கு, நாளை நமக்கு என்று மற்ற காலனிகள் ஒன்று சேர்ந்ததும் அப்போதுதான். ஏப்ரல் 1775-ல் துப்பாக்கி வெடித்து, அமெரிக்கச் சுதந்திரப் போர் ஆரம்பித்துவிட்டது.

கை வலிக்கிறது. கிளம்புகிற தேதியை உடனே எழுது. பிரசவ லேகியம் இடித்துத் தருகிறேன், பங்கஜத்தின் தம்பி சென்னை வரும்போது கொடுத்தனுப்புகிறேன். அங்கே குளிருமாம், காதைக் கட்டிக்கொள்.

அன்புடன்,
சரோஜா