மழையில் குடை விரிப்பது சமூகச் செயலா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் சமூகவியல் கோட்பாடுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல முயற்சிதான், ஆனால் ஓரிடத்தில் சறுக்கிவிட்டது. 'சமூகச் செயல்' என்றதும் கட்டுரையாளர் ரத்த தானம், வெள்ள நிவாரணம் என்று போய்விட்டார். தமிழில் அந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும், முதல் வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன் (போட்டித் தேர்வுக்குச் சமூகவியலை விருப்பப் பாடமாக எடுத்துக்கொண்டு, மூன்றாவது வருடமாகக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறேன்). ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் சொன்னது வேறு. இன்னொருவரை மனதில் வைத்து, ஏதோ ஓர் அர்த்தத்தோடு செய்வதைத்தான் அவர் சமூகச் செயல் என்கிறார். மழை வந்ததும் தெருவே ஒன்றாகக் குடை விரித்தாலும் அது சமூகச் செயல் ஆகாது, இது அவரே கொடுத்த உதாரணம். இரண்டு சைக்கிள்கள் மோதிக்கொள்வதும் ஆகாது. மோதாமல் ஒதுங்கப் பார்ப்பது, மோதிய பிறகு இறங்கித் திட்டிக்கொள்வது, இதெல்லாம் ஆகும். அந்த ஜெர்மன்காரர் நம்ம வடபழனி சிக்னலில் கொஞ்ச நேரம் நின்றிருப்பாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். "வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று ஆட்டோக்காரர் கேட்பது அவருக்கு முழு அத்தியாயம்.

அதைவிடப் பெரிய குறை, பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்கைமும் மார்க்ஸும் பேசும் அமைப்புதான் (தனிமனிதருக்கு வெளியே நின்று அவரை நடத்தும் சமூக ஏற்பாடு) சமூகவியல், வெபரின் செயல் கோட்பாடு வெறும் 'தனிமனித உளவியல்' என்று ஒரே வரியில் கட்டுரையாளர் கணக்கை முடித்திருப்பது. துர்கைமின் பலம் எனக்கும் தெரியும். தற்கொலையைப் போல அந்தரங்கமான விஷயம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் விகிதம் புராட்டஸ்டன்டுகளிடம் கத்தோலிக்கர்களைவிட அதிகமாக இருக்கிறது, ஒவ்வொரு சமூகத்திலும் வருடாவருடம் பெரிதாக மாறுவதுமில்லை, ஆகவே காரணத்தை மனிதர்களை இணைக்கும் பிணைப்பில் தேடுங்கள் என்று 1897இல் வாதாடியவர் அவர். மார்க்ஸுக்குத் தனிக் கடிதம் வேண்டும், விட்டுவிடுகிறேன்.

ஆனால் இதைக் கேளுங்கள். இரண்டு மாதம் முன்பு மாம்பலம் பக்கம் வாடகைக்கு வீடு தேடினேன். படியேறும்போதே புரோக்கர், "ஊர் பேர் கேப்பாங்க தம்பி, யோசிச்சு சொல்லுங்க" என்றார். வீட்டுக்காரர் சாதி என்ற வார்த்தையை வாயில் எடுக்கவே இல்லை. சொந்த ஊர் எது, அதில் எந்தத் தெரு, அப்பா என்ன பண்றார், சமையல் எப்படி என்று கேட்டுக்கொண்டே போனார். நானும் "முட்டைகூடக் கிடையாது சார்" என்று கூசாமல் பொய் சொன்னேன். கடைசியில், "எனக்கு ஒண்ணும் இல்ல, மத்த ஃபிளாட்காரங்க ஏதாவது சொல்வாங்க" என்றார். அந்த 'மத்தவங்க'தான் துர்கைம் சொன்ன சமூக உண்மை, வெளியிலிருந்து ஆளை அழுத்துவது, சரி. ஆனால் அதுவாகப் படியேறி வந்து கதவைச் சாத்தவில்லையே. புரோக்கர் எச்சரிக்க வேண்டியிருந்தது, வீட்டுக்காரர் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டியிருந்தது, நான் பொய் சொல்ல வேண்டியிருந்தது, ஆக மூன்று பேரும் சேர்ந்துதான் அந்த அமைப்பை அன்றைக்கு நடத்திவைத்தோம், என் பங்கும் அதில் உண்டு. எத்தனை பேருக்கு இப்படி வீடு மறுக்கப்படுகிறது என்று கணக்கெடுத்தால் விகிதம் கிடைக்கும், மாடிப்படியில் அந்தப் பத்து நிமிடம் நடந்தது கிடைக்காது.

வெபர் அமைப்பைக் கண்டுகொள்ளவே இல்லை என்பதும் தப்பு. புராட்டஸ்டன்ட் அறத்தைப் பற்றி 1904–05இல் எழுதியதன் கடைசியில், பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புராட்டஸ்டன்டுகள் விரும்பித் தொழிலில் மூழ்கினார்கள், நமக்கோ வேறு வழியில்லை என்று முடிக்கிறார். 'இரும்புக் கூண்டு' என்று எல்லோரும் சொல்வது அங்கிருந்து வந்ததுதான். நாமே கட்டியது நம்மையே அடைக்கிறது என்கிறவர் எப்படி வெறும் உளவியல்காரர் ஆவார்? அப்புறம், அமைப்பு, செயல் இரண்டையும் சேர்த்துப் பார்க்க 1984இல் பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஆன்டனி கிடன்ஸ் போட்ட வழியைக் கட்டுரை தொடவே இல்லை. தமிழ் பேச இலக்கணம் வேண்டும், பேசப் பேசத்தான் அந்த இலக்கணம் உயிரோடும் இருக்கும், ஏறக்குறைய அதுதான் அவர் வாதம்.

அடுத்த இதழில் அந்த ரத்த தானத்தையாவது திருத்திப் போட்டுவிடுங்கள். நூலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரர் அந்தப் பக்கத்தை ஏற்கெனவே ஜெராக்ஸ் எடுத்துவிட்டார்.

ஒரு வாசகன்,
சென்னை