சித்திரையில் தண்ணீர் ஊற்றுவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் நெல்லைச் சீமையில் குளத்தங்கரை தோறும் மரக்கன்று நடுகிறார்கள். சந்தோஷமான காரியம். ஆனால் நடுகிறவர்களிடம் விவசாயி என்ற முறையில் ஒன்று கேட்க வேண்டும்: சித்திரையில் அந்தக் கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்?

எங்கள் ஊர் நாங்குநேரி வட்டத்தில், மணிமுத்தாறு அணைக் கால்வாயின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. அணைத் தண்ணீர் வந்தால் வந்ததுதான். மற்றபடி கார்த்திகை மழைக்குப் பக்கத்துப் பொத்தையிலிருந்து, அதாவது சிறு குன்றிலிருந்து, ஓடை வழியாக இறங்குவதை நம்பித்தான் குளம். நாங்களும் ஒரு வருஷம் கரை நெடுக 150 கன்று நட்டோம். தை வரை பச்சையாக நின்றன. மாசியில் ஆடு கடித்தது, பங்குனி வெயிலில் மிச்சமும் கருகியது. ஆடியில் எண்ணிப் பார்த்தால் 11.

2023 டிசம்பர் பெருமழையில் எத்தனையோ குளங்கள் உடைந்தன. எங்கள் குளத்தில் பனை வரிசை நின்ற பக்கம் கரை அசையவில்லை. செங்கல் சூளைக்குப் பனையை வெட்டிக் கொடுத்திருந்த பக்கம்தான் உடைப்பு எடுத்தது. சல்லிவேர் அல்லவா, மண்ணைப் பின்னிப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் கரையில் பனை தவிர எதுவும் வைப்பதில்லை என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்தோம். ஆவணியில் விழும் பழத்தைப் பொறுக்கிவைத்து, மழைக்கு முன்னால் புரட்டாசியில் கொட்டையை ஊன்றினால் போதும். ஓலையை ஆடு கடித்தாலும் குருத்து மண்ணுக்குள்ளிருந்து மறுபடி வரும். காய்ப்பதற்குப் பதினைந்து வருஷம்கூட ஆகலாம், பரவாயில்லை.

கரையில் நட்டதால் மட்டும் குளத்துக்குத் தண்ணீர் வராது. ஓடையை அடைத்துக் கிடந்த சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்தோம். பொத்தைச் சரிவில் வேம்பு, புங்கன், உடைமரம் வைத்தோம். மொட்டைச் சரிவில் பெய்கிற மழை மண்ணையும் அரித்துக்கொண்டு ஒரே மூச்சில் ஓடிவிடும். சருகும் வேரும் இருந்தால் நின்று நிதானமாக இறங்கும், கொஞ்சம் மண்ணுக்குள்ளும் போகும். இந்த முறை வீட்டுக்கு மூன்று கன்று என்று பிரித்துக்கொண்டோம், முள்வேலியும் போட்டோம். கோடை முழுக்க வாரம் ஒரு தடவை டிராக்டர் டேங்கரில் தண்ணீர் போகும், அங்கிருந்து குடத்தில் சுமந்து ஊற்றியது பெரும்பாலும் எங்கள் ஊர்ப் பெண்கள். கிணறுகள் ஊறிவிட்டன என்று சொல்ல இன்னும் காலம் ஆகவில்லை. ஓடையில் வரும் தண்ணீரில் கலங்கல் குறைந்திருப்பதை மட்டும் கண்ணால் பார்க்கிறோம்.

கன்று வழங்கும் துறையினர் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு, இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் செலவையும் சேர்த்துத் தர வேண்டும். நடுகிற நாளில் படம் போடும் தங்கள் இதழும் அடுத்த சித்திரையில் அதே கரைக்கு வந்து இன்னொரு படம் எடுத்துப் போட வேண்டும். எங்கள் ஊருக்கே முதலில் வாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
நாங்குநேரி வட்டம்.