கடைசி இரவுக்குத் தள்ளப்படும் கடைக் கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

மாத ஜிஎஸ்டி வரியைக் கட்டித் தாக்கல் செய்யக் கடைசி நாளான 20-ஆம் தேதி நெருங்கினால் ஜிஎஸ்டி இணையதளம் திணறுகிறது என்ற புகார் கிளம்பிவிடுகிறது. புகாரில் நியாயம் உண்டு. ஆனால் தளம் நன்றாக ஓடும் நாட்கள் எத்தனையோ இருந்தும், சிறு கடைகளின் கணக்கு கடைசி இரவுக்குத்தான் வந்து சேர்கிறது. இதைச் சோம்பல் என்று ஆடிட்டர்கள் கடிந்துகொள்வது சரியல்ல. காலையில் கடை திறந்து இரவு பத்து மணிக்கு அடைப்பவரிடம் உழைப்புக்கு என்ன குறை?

கணக்கு நிற்பது பெரும்பாலும் நாலைந்து சந்தேக பில்களில்தான். வாங்கியவரின் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணில் ஓர் எழுத்து பிசகியிருக்கும். வெளிமாநில விற்பனைக்கு உரிய ஐஜிஎஸ்டி போடாமல், உள்மாநில விற்பனைக்குப் போடுவதுபோல் மத்திய வரி சிஜிஎஸ்டி, மாநில வரி எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். திரும்பி வந்த சரக்குக்கு, பில் தொகையைக் குறைத்துக் காட்டும் கிரெடிட் நோட் போட்டிருக்க மாட்டார்கள். பதிவு செய்ய உட்கார்ந்தவர் அந்த பில்லைக் கண்டதும், கேட்டுவிட்டுப் போடலாம் என்று எழுந்துவிடுகிறார். சிக்கலே இல்லாத மற்ற பில்களும் அதோடு நின்றுவிடுகின்றன. ‘ஜிஎஸ்டி வேலை’ என்ற ஒற்றைப் பெயருக்குள் பதிவது, சந்தேகம் தீர்ப்பது, ஒப்பிடுவது, பணம் கட்டுவது என்று நான்கு வேலைகள் இருக்கின்றன. நான்கையும் ஒரே மூச்சில் முடிக்க நினைப்பதால்தான் தொடங்கவே மனம் வருவதில்லை.

எனவே முதலில் பதிவை மட்டும் தனியாகப் பிரிக்க வேண்டும். வியாபாரம் மந்தமாக இருக்கும் பிற்பகலில், தினமும் ஒரே நேரத்தில் அரை மணி போதும். அந்த நேரத்தில் யாருக்கும் போன் செய்யக் கூடாது, எதையும் விசாரிக்கக் கூடாது. சந்தேக பில் வந்தால் என்ன குறை, யாரைக் கேட்க வேண்டும் என்று துண்டுச்சீட்டில் ஒரு வரி எழுதி, பில்லோடு குத்தி வேறு கோப்பில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். அந்தக் கோப்பை வாரம் ஒரு நாள் எடுத்து, எல்லோருக்கும் வரிசையாகப் பேசி முடிக்கலாம். எழும்போது எந்த பில் எண்ணில் விட்டோம் என்று குறித்து வைத்தால், மறுநாள் உட்கார்ந்ததும் கை ஓடும். பதிவு நிற்க இன்னொரு பெரிய காரணம் வாட்ஸ்அப். கொள்முதல் பில்கள் படமாக வந்து முதலாளியின் போனிலேயே தங்கிவிடுகின்றன. வந்த அன்றே அச்செடுத்துக் கோப்பில் சேர்க்காவிட்டால் மாதக் கடைசியில் தேடுவதற்கே ஒரு நாள் போய்விடும்.

இரண்டாவது தடை பயம். எவ்வளவு வரி வருமோ, கையில் பணம் இல்லையே என்று கணக்கையே திறக்காமல் இருப்பவர்கள் பலர். விற்பனை விவரம் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1-ஐத் தாக்கல் செய்ய ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை. மாதாந்திரத் தாக்கலில் அதற்குக் கெடு 11-ஆம் தேதி. அதைத் தவறவிட்டால் வாங்கியவரின் கொள்முதல் வரியைப் பட்டியலிட்டு 14-ஆம் தேதி உருவாகும் 2பி அறிக்கையில் நம் பில் ஏறாது. நம்மிடம் வாங்கியவருக்கு இன்புட், அதாவது கொள்முதலில் கட்டிய வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும் சலுகை, ஒரு மாதம் தள்ளிப்போகும். நம் தாமதத்துக்கு அவர் பணம் முடங்குகிறது. அடுத்த ஆர்டர் வேறு கடைக்குப் போனால் அவரைக் குறை சொல்ல முடியாது.

வரியைக் கட்டி 20-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-3பி-க்குத்தான் முழுப் பணமும் வேண்டும். 20 நாள் தாமதமானால் நாளுக்கு ரூ.50 வீதம் ரூ.1,000 தாமதக் கட்டணம். ரொக்கமாகக் கட்ட வேண்டியது ரூ.1 லட்சம் என்றால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில் ஏறக்குறைய இன்னொரு ரூ.1,000. அடுத்தடுத்து இரண்டு மாதம் விட்டுவிட்டால் சரக்கு அனுப்பத் தேவையான இ-வே பில் எடுப்பதே முடங்கி, சரக்கு குடோனில் நிற்கும். முழுத் தொகை சேராவிட்டாலும் இருப்பதைக் கெடுவுக்கு முன்பே ஜிஎஸ்டி தளத்தில் நம் பெயரில் உள்ள மின்னணு ரொக்கப் பேரேட்டில் கட்டிவிடுவது நல்லது. தாக்கல் செய்யும்வரை அதை அப்படியே விட்டுவைத்தால் அந்தத் தொகைக்கு வட்டி கிடையாது. 2024-இல் வந்த இந்தச் சலுகை பல வியாபாரிகளுக்கு இன்னும் தெரியவில்லை. அதைவிட நல்ல வழி, வாராவாரம் வசூலான வரியைத் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுவது.

ரூ.5 கோடி வரை விற்றுமுதல் உள்ளவர்கள் காலாண்டுத் தாக்கலைத் தேர்ந்தெடுக்கலாம். வேலை குறையும் என்று அதற்கு மாறும் கடைகளில் பல, மூன்று மாத பில்களையும் ஒன்றாகக் குவித்துவிடுகின்றன. காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கான வரியை அடுத்தடுத்த மாதம் 25-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பதும் மறந்துபோகிறது. தினசரிப் பதிவுப் பழக்கம் வராத கடைக்கு மாதாந்திர முறையே பாதுகாப்பு.

ஆடிட்டர் அலுவலகங்களும் மாற வேண்டியிருக்கிறது. “பில் எல்லாம் அனுப்புங்கள்” என்ற செய்தி எந்தக் கடைக்காரரையும் அசைக்காது. “விற்பனை பில் 8-ஆம் தேதிக்குள், கொள்முதல் பில் 13-க்குள்” என்று பிரித்துக் கேட்டால் வரும். அப்படி வந்தால் 2பி வெளியானதும் கொள்முதல் பேரேட்டோடு ஒப்பிட்டு, விடுபட்ட பில்லுக்கு விற்றவரிடம் பேச நாலைந்து நாள் கிடைக்கும். 19-ஆம் தேதி இரவு அதைச் செய்ய முடியாது. உரிய இன்புட்டை விட்டுவிட்டுக் கைப்பணத்தைக் கட்டித்தான் தாக்கல் செய்ய நேரும்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். 20-ஆம் தேதி காலையில் ‘இன்று கடைசி நாள்’ என்று வரும் செய்தியால் யாருக்கும் பயன் இல்லை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று வணிகப் பக்கத்தில் 7-ஆம் தேதி டிடிஎஸ், 11 ஜிஎஸ்டிஆர்-1, 14 2பி, 15 பிஎஃப்-இஎஸ்ஐ, 20 3பி என்று சிறு கட்டம் போட்டு வெளியிடுங்கள். கல்லாவுக்கு மேலே வெட்டி ஒட்டிவைக்கும் அளவில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
வரிக் கணக்காளர்கள்,
ஈரோடு.