முக்கச் சொன்னால் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

திடீர்ப் படபடப்பு பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் 'மூச்சைப் பிடித்து முக்கினால் நின்றுவிடும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, எப்படி, எவ்வளவு நேரம், உட்கார்ந்தா படுத்தா என்று ஒன்றுமே இல்லை. எனக்கு எஸ்விடி உண்டு, அதாவது இதயத்தின் மின்தூண்டல் சுற்றிச் சுற்றி வந்து துடிப்பு திடீரென்று எகிறும் கோளாறு. சும்மா இருக்கும்போதே சுவிட்ச் போட்ட மாதிரி நாடி 180-ஐத் தாண்டும், கழுத்தில் துடிப்பது எதிரில் இருப்பவர் கண்ணுக்கே தெரியும். முக்கினால் சில தடவை நிற்கும், பல தடவை நிற்காது, அப்புறம் அடினோசின் ஊசிதான். அதைப் போட்டுக்கொண்டவர்களைக் கேளுங்கள், சில விநாடி உயிர் போய்த் திரும்பும்!

2015-ல் லான்செட் இதழில் இங்கிலாந்து மருத்துவர்களின் ஆய்வு ஒன்று வந்தது, 428 நோயாளிகள். சாய்ந்து உட்கார்ந்தபடி முக்கியவர்களில் 17 சதவீதம் பேருக்குத்தான் துடிப்பு சரியானது. அதே மாதிரி 15 விநாடி முக்கி, விட்ட கையோடு மல்லாக்கப் படுக்கவைத்து, இன்னொருவர் இரண்டு காலையும் 45 டிகிரிக்குத் தூக்கி 15 விநாடி பிடித்தபோது 43 சதவீதம். மருந்தும் இல்லை, செலவும் இல்லை. எவ்வளவு பலமாக என்றால், காலி 10 மில்லி சிரிஞ்சின் முனையில் ஊதி உள்தண்டு லேசாக நகர வேண்டும், அவ்வளவுதான்.

வேலை நடப்பது முக்கும்போது அல்ல, விட்ட பிறகு. அடங்கியிருந்த ரத்தம் ஒரேயடியாக இதயத்துக்கு வந்து ரத்த அழுத்தம் எகிற, அதைத் தணிக்க, துடிப்பைக் குறைக்கும் வேகஸ் நரம்பு முடுக்கிவிடப்பட்டு, ஏவி கணு (இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்தூண்டல் கடக்கும் இடம்) வழியாகச் சுற்றிக்கொண்டிருந்த மின்தூண்டல் அங்கே அறுந்துபோகிறது. நாமோ சரியாக அந்த நேரத்தில்தான் எழுந்து உட்கார்ந்து 'நின்றுச்சா' என்று நாடி பிடிக்கிறோம்.

இதெல்லாம் ஈசிஜி எடுத்து எஸ்விடி என்று மருத்துவர் உறுதிசெய்து, இதைச் செய்யலாம் என்றும் சொன்னவர்களுக்குத்தான். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை (மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் வேறொரு கோளாறு) இது நிறுத்தாது. முதல்முறை வருகிறதா, நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் இருக்கிறதா, முக்கிக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கண்ணை அழுத்துவது, வயதானவர்கள் கழுத்தைத் தாங்களே பிசைந்துகொள்வது, இரண்டும் ஆபத்து. இருமினால் மாரடைப்பு நிற்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது வேறு கதை, நம்பாதீர்கள்.

அடுத்த முறை ஒரு படமும் போடுங்கள். காலைத் தூக்குவது நோயாளி இல்லை, பக்கத்தில் இருப்பவர் என்பது அதில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்