வேடந்தாங்கலுக்குப் போகிறோம்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமை, ஜனவரி 10 அன்று, ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை வேடந்தாங்கல் ஏரிக்கு அழைத்துப் போகிறோம். காலை ஆறு மணிக்குப் பள்ளி வாசலில் பஸ் நிற்கும். மதியம் இரண்டு மணிக்குள் திரும்பிவிடுவோம். பஸ் செலவைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி முடித்துவிட்டோம், யாரும் பணம் கொடுத்தனுப்ப வேண்டாம்.

"பக்கத்தில் இருக்கிற ஏரிதானே டீச்சர், இதற்கு எதற்குப் பஸ்ஸும் கடிதமும்?" என்று போன வாரம் ஒரு அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அன்று மதியமே ஏழாம் வகுப்பில் போய்க் கேட்டுப் பார்த்தேன். மாநிலப் பறவை எது என்றால் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் மரகதப்புறா என்கிறது. நம் பள்ளிக்குப் பின்னால் நாற்று நட்ட கழனியில் தினமும் நத்தை பொறுக்கும் பறவைக்கு என்ன பெயர் என்றேன். "கொக்கு" என்றார்கள். அது கொக்கு இல்லை, நத்தைகுத்தி நாரை. அதன் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும், பாக்குவெட்டி போல. வழுக்கும் நத்தையைப் பிடித்து உள்ளிருக்கும் சதையை எடுக்க வாகான அலகு. நடவு வயலில் அது சும்மா நிற்கவில்லை, நமக்கும் கொஞ்சம் வேலை செய்துவிட்டுத்தான் போகிறது.

வேடந்தாங்கலில் சுமார் 30 ஹெக்டேர் ஏரியும், தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பும் கருவேல மரங்களும்தான் இருக்கின்றன. பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. 'தாங்கல்' என்றாலே நம் பக்கத்தில் சிறு ஏரி என்றுதான் பொருள். அந்தச் சிறு ஏரி 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. அதற்குக் காரணம் எந்த அரசாங்கமும் இல்லை, அந்த ஊர்க்காரர்கள் என்றே நான் சொல்வேன். இருநூறு வருடத்துக்கு முன்பு கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊர்ஜனங்கள் திரண்டு போய்க் கலெக்டரிடம் முறையிட்டதாகச் சொல்வார்கள். அப்போதைய செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ், 1798-ல் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கே எழுதிக் கொடுத்தார். வனவிலங்குச் சட்டம் வந்தது 1972-ல். சட்டத்துக்கு 174 வருடம் முந்திக்கொண்டது ஒரு கிராமம்.

அவர்களுக்கு இது வெறும் இரக்கமாக மட்டும் இருந்திருக்காது. பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பாய்ந்தால் நெல் எப்படி வரும் என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மடையைத் திறந்தால் தண்ணீரோடு உரமும் வரும் ஊர் அது. தீபாவளிக்கு அங்கே வெடி வெடிப்பதில்லை. நம் பிள்ளைகளிடம் அதைச் சொன்னபோது "ஐயோ பாவம்" என்றார்கள். யார் பாவம் என்று நேரில் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

ஒரு தவறான எண்ணத்தையும் இந்தக் கடிதத்திலேயே சரிசெய்துவிடுகிறேன். அங்கே இருக்கும் பறவைகள் எல்லாம் சைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பறந்து வந்து முட்டையிடுகின்றன என்று நம்மில் பலர், ஆசிரியர்கள் உட்பட, சொல்லிக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா எல்லாம் நம் நாட்டுப் பறவைகள்தான். மழை பெய்து ஏரி நிரம்பினால் கூடும், ஏரி காய்ந்தால் வேறு நீர்நிலை தேடிப் போகும். இமயமலைக்கு அப்பாலிருந்து வருகிறவை ஊசிவால் வாத்து, நீலச்சிறகு வாத்து போன்றவை. அவை குளிருக்கு ஒதுங்க வந்த விருந்தாளிகள், இங்கே கூடு கட்டுவதில்லை. வடகிழக்கு மழை ஏமாற்றிய வருடத்தில் மரங்கள் வெறிச்சென்று நிற்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

இனி, போன வருடம் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். தவறு என்னுடையது. கரைமேல் நடந்த பிள்ளைகள் கலைந்துபோகவே, பள்ளி மைதானத்தில் செய்வது போல விசிலை எடுத்து ஊதிவிட்டேன். கரையோர மரத்திலிருந்த நாரைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பின. பிள்ளைகள் கைதட்டினார்கள், எனக்கும் ஒரு நொடி அழகாகத்தான் இருந்தது. அங்கிருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து, கோபப்படாமல், "அம்மா, தாய் எழுந்தா குஞ்சு வெயில்ல காயும். காக்கா முட்டைய தூக்கிடும்" என்றார். சற்று நேரம் கழித்து ஒரு நாரை திரும்பி வந்து, கூட்டின்மேல் நின்றபடி இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்தது. அதன் பிறகு யாரும் பேசவில்லை. இந்த முறை விசில் என் மேசை டிராயரிலேயே இருக்கும்.

ஆகவே பிள்ளைகளுக்குப் பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள், வெள்ளைச் சட்டை வேண்டாம். பழைய பச்சையோ பழுப்போ இருந்தால் நல்லது. தொப்பி அவசியம். புளிசாதமோ தயிர்சாதமோ எவர்சில்வர் டப்பாவில் கொடுங்கள், சிப்ஸ் பாக்கெட் கொடுத்தனுப்பினால் பஸ்ஸிலேயே வாங்கி வைத்துவிடுவேன். செல்போன் வேண்டாம். பள்ளியில் இரண்டு பைனாகுலர் இருக்கின்றன, மாற்றி மாற்றிப் பார்ப்போம். பஸ்ஸில் வாந்தி வரும் பிள்ளை என்றால் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வேடந்தாங்கல் ஒருநாள் காரியம்தான். உண்மையான வேலை அதற்கு அடுத்த வாரம் நம் ஊரில் இருக்கிறது. 2015-லிருந்து ஒவ்வொரு பொங்கலையொட்டியும் நான்கு நாட்கள் தமிழ்நாடு முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் இருந்து, கண்ணில் பட்ட பறவைகளையெல்லாம் எண்ணி எழுத வேண்டும், பிறகு அதை இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றுவதை நம் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றமான பசுமைப் படையின் ஆசிரியர் பார்த்துக்கொள்வார். எண்ணுவது பிள்ளைகள் வேலை. ஏரிக்கரை, களத்துமேடு, வீட்டு மொட்டைமாடி, எங்கே உட்கார்ந்தாலும் சரி. ஏரிக்கரைக்குப் போகிறவர்கள் பெரியவர் ஒருவர் துணையோடு மட்டும் போகட்டும்.

கரைக்குப் போகும்போது இன்னொன்றும் செய்வோம். மீன் பிடித்துவிட்டு விட்டுப்போகும் தங்கூசி நரம்பும் கிழிந்த வலைத்துண்டும் கரையெங்கும் கிடக்கின்றன. நாரையின் காலில் சுற்றினால் அதை அவிழ்க்க அதற்குக் கை இல்லை. ஒரு கோணிப்பையில் பொறுக்கிக்கொண்டு வரப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். தூண்டில் போடும் அண்ணன்மார்களிடம் சொல்வது உங்கள் பொறுப்பு, நான் சொன்னால் "சரிங்க டீச்சர்" என்பதோடு முடிந்துவிடுகிறது. போகிக்கு டயர் கொளுத்துவது பற்றியும் எழுத நினைத்தேன். அதை நேரில் வைத்துக்கொள்வோம்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். எங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும் பறவைப் பெயர்கள் கொஞ்சம்தான். உங்களிடம் இருப்பது அதிகம். மடையானை நம் ஊரில் குருட்டுக்கொக்கு என்கிறவர்களும் இருக்கிறார்கள். இருட்டில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் கத்திக் காட்டிக்கொடுப்பதால் ஆள்காட்டி என்று பெயர் வைத்தவர்கள், புத்தகம் படித்து வைக்கவில்லை. கரிச்சான் கத்துகிற நேரத்துக்கு ஏர் பூட்டிய தாத்தாக்கள் இன்னும் நம் தெருவில் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய பேரன் எட்டாம் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் 'குருவி' என்கிறான்.

இத்துடன் இருக்கும் ஒப்புதல் சீட்டில் கையெழுத்துப் போட்டு வியாழக்கிழமைக்குள் அனுப்புங்கள். சீட்டின் பின்பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறோம். உங்கள் வீட்டில் புழங்கும் பறவைப் பெயர்களை அதில் எழுதுங்கள். கம்பெனி வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவர்கள் ஒன்றிரண்டு எழுதினாலும் போதும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி இருந்தால் அவர் சொல்லட்டும், பிள்ளை எழுதட்டும். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை